சிவலைக்குச் சிவலைதான்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் வெள்ளைப் பசு வாவிக்கரைச் சேற்றுச் சுரியில் புதைந்து செத்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதன் கன்று அதே கரையில் மாடு வளர்க்கும் கனகசிங்கத்தாரின் பட்டியில் கட்டியிருக்கிறது! நான் போய்ச் சேர்ந்தபோது மனுசன் குறிசுடும் இரும்பைத் தணலில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய குறி தோலில் விழுந்துவிட்டால் கன்று அவருடையதுதான். பிறகு வெல்லாவெளி ஊர் முழுக்கக் கத்தித் திரிந்தாலும் பயனில்லை.

"இது என்ட சிவலைப் பசு போட்ட கண்டு, தங்கச்சி" என்றார், தன் முழுச்சிவப்புப் பசுவைக் காட்டி, கொஞ்சமும் கூசாமல்.

பக்கத்தில் கிடந்த வாளித் தண்ணீரைத் தூக்கித் தணலில் ஊற்றினேன். விவகாரம் மத்தியஸ்த சபைக்குப் போனது.

தாய் உயிரோடிருந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டாலே போதும், கன்று அதனிடம் ஓடியிருக்கும். இப்போது எனக்கிருந்த ஒரே சாட்சி கன்றின் தோல். சிவப்பரிசியோடு வெள்ளையரிசியைக் கொட்டிக் கிளறியதுபோல, உடம்பெல்லாம் இரண்டு நிற மயிரும் கலந்து கிடக்கும்.

"சிவலையும் சிவலையும் சேர்ந்தா சிவலைதான் பிறக்கும்" என்று சபையில் சொன்னேன். "இருவது வருசமா மாடு வளர்க்கிறன். வெள்ளை கலந்த மாடு ஒண்டாவது இவருக்கிட்ட இருக்கா எண்டு கேளுங்க."

"என்ட பட்டியில வெள்ளை மயிர் ஒண்டுகூட இல்ல. எல்லாம் அசல் சிவலை!" கனகசிங்கத்தார் நெஞ்சை நிமிர்த்தினார். "பொம்புளையள்ட கதையக் கேட்டா மாடு கண்டு போடுது?"

மண்டபத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சபை அழைத்திருந்த மாட்டு டொக்டர் அப்ஹாம் சிரிக்கவில்லை. கன்றின் மயிரை விலக்கிப் பார்த்தார்.

"சீதேவியக்கா சொல்றது சரி. இந்தச் சோட்ஹோர்ன் எண்ட சீமைமாட்டுக் கலப்பில சிவப்பு வெள்ளைய மறைக்காது, வெள்ளை சிவப்ப மறைக்காது. தாயிட்ட ஒண்டும் தகப்பனிட்ட மற்றதும் வந்தா ரெண்டுமே வெளிய தெரியும். ரெண்டு சிவலைக்கு இப்பிடிப் பிறக்காது."

கனகசிங்கத்தார் துள்ளி எழுந்தார். "அப்ப தகப்பன் என்ட காளைதான்! அந்தக் கரையில வேற சிவலைக் காளை ஏது? கண்டில பாதி எனக்கு!"

"தாய்?" என்றேன்.

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"சொல்லுங்கண்ணன்! தகப்பன் சிவலையெண்டா வெள்ளை தாயிட்ட இருந்துதானே வரணும்? உங்கட பட்டியில இல்லாத வெள்ளை எங்கயிருந்து வந்தது? நம்மட ஊரில பிள்ளைக்கே தாய்வழிதான், தாயிட குடிதான். கண்டுக்கு மட்டும் தகப்பன்ட குடியா?"

கன்று எனக்குத்தான் என்று சபை எழுதிய தாளில் கனகசிங்கத்தார் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டுக் குழைந்தார்.

"மனசில வெச்சிக்காத தங்கச்சி. பொட்டை நாகுக் கண்டுதானே, பெருத்தா சினைக்கு என்ட காளையத்தான் தேடி வருவாய்."

"வர மாட்டன்!" நான் கன்றின் கயிற்றைக் கையில் சுற்றினேன். "இவளோட உங்கட காளை சேர்ந்தா பாதி கலவையாப் பிறக்கும், பாதி சிவலையாப் பிறக்கும். சிவலை பிறந்தா இந்த டொக்டராலயும் ஒண்டும் சொல்லேலாது. அதையும் உங்கட பசு போட்டதெண்டு பிடிச்சுக் கட்டுவீங்க. கள்ளனுக்கு வசதி செஞ்சு குடுக்க நான் மாடு வளர்க்கல்ல."