பீஸ் கைக்கு வந்தால்தான் பாட்டு

வேல்விழி பனியன் கம்பெனி லேப்பில் துணி சோதிக்கிறவள். துவைத்தால் எவ்வளவு சுருங்கும், சாயம் எவ்வளவு போகும் என்று அளந்து எழுதுவது அவள் வேலை. இயற்பியல் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் பாட்டு ஆல்பம் போடுகிறாள் என்றதும் லேப்பில் எல்லாரும் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்கள்.

அதே கம்பெனியில் டிசைன் போடும் சுரேந்தரிடம் நல்ல மைக் இருந்தது. கம்பெனிக்குப் பக்கத்திலேயே, ராயபுரத்தில், அவன் மாமாவுக்கு ஒரு துணி குடோன் இருந்தது. வேல்விழி உள்ளே போய் ஒரே ஒரு முறை கை தட்டிப் பார்த்தாள். சுற்றிலும் அடுக்கியிருந்த துணி ரோல்கள் சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டன. இதைவிட நல்ல ஸ்டுடியோ கிடைக்காது என்று சொன்னாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே பதிவு நடந்தது. தெற்கே இருந்து தையல் வேலைக்கு வந்தவர்கள் பாடினார்கள். ஆல்பத்துக்கு ‘போனவுக வந்தவுக’ என்று பெயர் வைத்தாள்.

ஏழு பாட்டு ஆயிற்று. ஏழும் ஊரை விட்டுக் கிளம்பிய பாட்டு. அது எல்லாரிடமும் இருந்தது. திரும்பிப் போகிற பாட்டு வேல்விழியின் அம்மா விஜயராணியிடம் மட்டும்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் ஆல்பம் போனவர்களோடு நின்றுவிடும்.

விஜயராணி கமுதிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர். இன்னமும் ஓவர்லாக் தையல் மெஷினில்தான் இருக்கிறார். குடோனில் ரோல்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடினார். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார். அரை நிமிஷம் சும்மா இருப்பார். பிறகு அடுத்த வரி. மறதிபோல என்று நினைத்து சுரேந்தர் அந்த இடைவெளிகளையெல்லாம் வெட்டி, வரிகளை நெருக்கி ஒட்டி, அடுத்த வாரம் போட்டுக் காட்டினான்.

விஜயராணி பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

“இது என் பாட்டு இல்லப்பா. பாண்டியம்மாளுக்கு எடமே இல்லையே இதுல.”

இரவுச் சோறு முடிந்த பிறகு வேல்விழி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

பாண்டியம்மாள் என்ற பெயர் மட்டும் அவளுக்குத் தெரியும். பக்கத்து மெஷின்காரி, அதே கமுதிப் பக்கத்துக்காரி. அம்மா பனியன் துணிக்குத் தோள் மூட்டித் தள்ளுகிற பீஸ் நேரே பாண்டியம்மாளிடம் போகும். அவள் அதற்குக் கழுத்துப்பட்டி வைப்பாள். அந்தத் தையல் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. பீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பாட வேண்டும். தோள் மூட்டிக்கொண்டே அம்மா ஒரு வரி பாடுவார். பீஸைத் தள்ளியதும் வாயை மூடிக்கொள்வார். பாண்டியம்மாள் கழுத்து வைத்துக்கொண்டே பதில் வரி பாடுவாள். பாட்டு பீஸோடு நகரும். சூப்பர்வைசர் ஜெபக்குமார்கூடத் தடுத்ததில்லை. பாடுகிற நாளில் புரொடக்ஷன் ஏறியது அவருக்கும் தெரியும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் பாண்டியம்மாளின் மாமியார் விழுந்து படுத்துவிட்டார். ஊருக்கே போகிறேன் என்று அவள் சொன்ன அன்று அம்மாவுக்கு என்ன கோபமோ, “போ. நாளைக்கே ஒம் மெஷின்ல வேற ஆளு உக்காரும்” என்று சொல்லிவிட்டார். பஸ் ஏற்றிவிடவும் போகவில்லை. மறுநாள் வேறு ஆள் உட்காரத்தான் செய்தது. அந்தப் பெண்ணுக்குப் பாட வராது.

“அந்த வரியையும் நீயே பாடிரேம்மா.”

“அவ பீஸு. நான் எப்பிடிப் பாட?”

“வார்த்தை தெரியும்ல?”

“தெனமும் மாத்திப் பாடுவா, கழுத. இன்னைக்கு என்ன பாடுவான்னு எனக்கெப்பிடித் தெரியும்?”

பாண்டியம்மாளின் நம்பர் ஜெபக்குமாரிடம் இருந்தது. வேல்விழி சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அழைத்தாள். அந்தப் பக்கம் ஆடு கத்தியது. தாளில் இருந்ததைக் கடைசி வரை கேட்டுவிட்டு பாண்டியம்மாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“பீஸு வராம எப்பிடித்தா பாடுறது?”

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

முடியாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று வேல்விழிக்குப் பட்டது. அம்மாவிடம் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, என்ன சொன்னாள், அதே வார்த்தையா, எந்தக் குரலில் சொன்னாள் என்று மூன்று முறை கேட்டார்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, ரிஜெக்ட் ஆன கட்டிங் துணியில் ஒரு செட் எடுத்தார். முன்பக்கம், பின்பக்கம், கழுத்துப்பட்டி, இரண்டு கை. சாப்பாட்டு நேரத்தில் தோள் மட்டும் மூட்டினார். உடம்பையும் பட்டியையும் கவரில் போட்டு ஒட்டி, கமுதி போகிற பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டு வந்தார். இரண்டு கையையும் பீரோவில் வைத்துக்கொண்டார். அதை ஏன் அனுப்பவில்லை என்று வேல்விழி கேட்டாள்.

“கழுத்து முடியாம கைக்கு எப்பிடிப் போறது? பி.எஸ்ஸி. படிச்ச புள்ள கேக்குற கேள்வியா இது?”

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேல்விழியின் போனுக்குப் பாண்டியம்மாளிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. பார்சல் வந்துவிட்டது, இங்கே மெஷின் கிடையாது, கைத்தையல்தான், உங்கம்மாவை ஆரம்பிக்கச் சொல்லு. அவ்வளவுதான்.

விஜயராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாய்க்கு அருகில் பிடித்தார். வேல்விழி சுரேந்தரிடம் வாங்கி வந்திருந்த மைக்கை எடுத்து மேஜைமேல் வைத்து, ரெக்கார்டரைப் போட்டாள்.

*பூட்டு வாங்க காசிருந்தும்
பூட்ட ஒரு வீடு இல்ல*

அனுப்பியாயிற்று. அரை நிமிஷம் போனது. ஐந்து நிமிஷம் போனது. விஜயராணி வெங்காயம் உரித்தார், உலை வைத்தார். ரெக்கார்டரை நிறுத்தலாமா என்று வேல்விழி சைகையில் கேட்டாள். அவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். நாற்பது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. பாண்டியம்மாளின் குரல் கரகரத்திருந்தது.

*பூட்டாத வீட்டுக்காரி
புறப்படவே நேரமில்ல*

விஜயராணி பல் தெரியச் சிரித்தார்.

“பாத்தியா, மாத்திட்டா. நாப்பது நிமிஷமா ஒரு கால்வாசிக் கழுத்துக்கு? இவள வச்சு ஒரு கன்டெய்னர் அனுப்ப முடியுமா?”

அடுத்த வரியைப் பாடும்போது அவர் குரல் தேறியிருந்தது. அதற்குப் பதில் வரக் குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. மூன்றாவது வரிக்கு ஒரு மணி நேரம். நடுவில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதாகத் தனியாக ஒரு நோட் வந்தது. அதற்கும் அம்மா ஒரு திட்டு அனுப்பினார். வேல்விழி ரெக்கார்டரின் பாட்டரியை மாற்றினாள். தெருவில் காய்கறி வண்டி போனது. எதிர்வீட்டு டிவி ஓடியது. எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு கம்பெனி வாசலில் காத்திருந்தபோது, மெஷின் இரைச்சலுக்கு அடியில் இந்த இரண்டு குரலையும் கேட்டது அப்போதுதான் நினைவு வந்தது. ஒரே ஆளின் குரல் என்று அன்றைக்கு நினைத்திருந்தாள்.

கடைசி வரி மதியம் ஒன்றரைக்கு.

*வாரேன் வாரேன்னு சொன்னவளே
வருசம் எத்தன ஆச்சுதடி*

பாடிவிட்டு விஜயராணி சாப்பிட உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். போன் அதிர்ந்ததும் அவரே எடுத்து அழுத்தினார்.

*வழியனுப்ப வரலேன்னா என்ன
வழிகேட்டு வந்துரடி*

அதற்குப் பின்னால் பாட்டு இல்லாமல் பேச்சுக் குரலில், “கழுத்து முடிஞ்சிருச்சு. கை எங்க?” என்று இருந்தது.

விஜயராணி அதை இன்னொரு தடவை கேட்கவில்லை. போனை மகளிடம் கொடுத்துவிட்டு பீரோவைத் திறந்தார்.

சாயங்காலம் சுரேந்தர் பதிவைக் கேட்டுவிட்டு அழைத்தான். நாலரை மணி நேரத்துக்கு மேலே இருக்கிறதே என்றான்.

“சும்மா இருக்கற எடத்தையெல்லாம் எடுத்துட்டா ஒரு நாலு நிமிசம் வருமுங்க.”

“வேண்டாங்க சுரேந்தர்.” வேல்விழியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “முழுசா வைக்க முடியாதுங்கறது எனக்கும் தெரியுமுங்க. ஆனா அந்த எடம் தெரியணும். எவ்வளவு விடணும்னு நான் அளந்து சொல்றேன். அப்புறம், பாட்டு இன்னும் முடியலீங்க. கை வைக்க வேண்டியிருக்குது.”

வெள்ளிக்கிழமை விஜயராணி கமுதிக்குப் போக மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். பையில் ஒரு சேலை, ஊசி, நூல்கண்டு, இரண்டு கை. வேல்விழி லேப்பில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். நான் போய்க்கிறேன், நீ வேலையைப் பாரு என்று அம்மா இரண்டு தடவை சொன்னார். அவள் போகவில்லை. பஸ் பின்னுக்கு நகர்ந்து, திரும்பி, வாசலைத் தாண்டும் வரை, ரெக்கார்டர் ஓட, கையில் மைக்கோடு நின்றாள்.