சங்கத்தின் மூன்று தூண்கள்

என் கணவர் அல்பிரட் நீண்ட காலமாக எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். ஆண்டுவிழாவில், சங்கத்தில் ஓடியாடி வேலை செய்யும் இளைஞன் நிதுசனுக்கும் அவனுடைய இரண்டு தம்பிமாருக்கும் பட்டம் வழங்கப்போவதாகச் சொன்னார்.

“நீர் பாரசீகச் சரித்திரம் படிப்பிக்கிறனீர்தானே, ஜெனிதா. மூண்டு நல்ல பட்டம் சொல்லும்.”

“அரசின் மாண்பு, அரசின் ஆதாரம், அரசின் தூண்.”

“ஆ! ஆருக்குக் குடுத்தது?”

“பூயிட் சகோதரர்களுக்கு. காஸ்பியன் கரை மீன்பிடிகாரன் ஒருத்தற்றை பெடியள். கூலிப்படையிலை சேர்ந்து, ஊர் ஊராப் பிடிச்சு, கடைசியிலை பக்தாத்துக்குள்ளை படையோட வந்தவங்கள். கலீபா பயத்திலை பட்டம் குடுத்தார்.”

“பிறகு?”

“கொஞ்ச நாளிலை அவரைச் சிம்மாசனத்திலையிருந்து இழுத்து விழுத்திப்போட்டு வேற ஆளை வைச்சினம்.”

அல்பிரட் சிரித்தார். “நிதுசன் என்னை அங்கிள் எண்டு கூப்பிடுறவன். ‘அரசின்’ எண்டதைச் ‘சங்கத்தின்’ எண்டு மாத்துவம்.”

சங்கத்தில் நிதுசன் முதலில் பிடித்தது சமையலறையை. மட்டன் ரோல்ஸ் யார் கையிலோ, சனமும் அவர் பக்கம்தான். பிறகு ஒலிபெருக்கி. பிறகு மண்டபத்தின் திறப்புக் கொத்து. ஒவ்வொரு கோட்டை விழும்போதும் அல்பிரட் தன் விழா நன்றியுரையில் ஒரு வரி கூட்டினார்: “பாவம் பெடியள், எவ்வளவு பாடுபடுறாங்கள்.”

ஆண்டுவிழா அன்று ட்வெய்ட்டா மண்டபத்தில் அல்பிரட் பட்டங்களை வாசித்து மூவருக்கும் பொன்னாடை போர்த்தினார். உடனே நிதுசன் மைக்கை வாங்கி, அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினான்.

“எங்கடை அல்பிரட் அங்கிள் களைச்சுப்போனார். இண்டையிலிருந்து அவர் சங்கத்தின்ரை நிரந்தரப் போஷகர்! தலைவர் சுமையை நாங்கள் தாங்குறம்.”

ஒரு கையில் ரோல்ஸ் இருந்ததால் சனம் மறுகையால் தொடையில் தட்டி ஆமோதித்தது. அல்பிரட் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் கேட்டார்: “போஷகருக்குக் கூட்டத்திலை வாக்கு இருக்கோ?”

“இல்லை.”

“முன்வரிசையிலை கதிரை?”

“ஓம், அது இருக்கும்.”

பொன்னாடையைத் தோளிலிருந்து கழற்றினார். “நீர் அண்டைக்குச் சொன்னது இதைத்தானோ?”

“ஓம்.”

அந்த ஒரு சொல்லில் எவ்வளவு நிறைவு இருந்தது என்பதை, சொன்ன பிறகுதான் உணர்ந்தேன். கணவர் தோற்ற கவலைக்கு முன்னால், என் கணிப்பு பலித்த சந்தோஷம் வந்து உட்கார்ந்திருந்தது. அவருக்கும் அது கேட்டிருக்கவேண்டும். கையைப் பிடிக்கப் போனேன். பொன்னாடையை மடித்து மடியில் வைத்து, இரண்டு கைகளையும் அதற்குள் நுழைத்துக்கொண்டார்.