எட்மண்டின் ஒயின் விலை இறங்க வேண்டும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கருணையில், மனிதநேயத்தில், சமூக அக்கறையில் பிறந்த கதைகள் வேறு பக்கங்களில் இருக்கும். அவற்றை எழுதியவர்களும் பொய்தான் சொல்கிறார்கள், கொஞ்சம் அழகாக.

என் பொறாமைக்குக் காரணம் எட்மண்ட். குன்னூரில் ஒரு தேயிலை ஏல கம்பெனியில் முப்பது வருஷம் ருசி பார்க்க டீயை உறிஞ்சித் துப்பிச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றதும் போர்தோ ஒயின் வாங்கினார். வாங்கினார் என்றால் புட்டியை அல்ல. பிரான்ஸில் அது பீப்பாயில் கிடக்கும்போதே முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். இரண்டு வருஷம் கழித்துத்தான் புட்டியில் அடைத்து வெளியே விடுவார்கள். அதற்குள் விலை ஏறினால் பணம் கட்டியவர் கெட்டிக்காரர். இறங்கினால் ஒயின் ரசிகர்.

லண்டனில் இருக்கும் மகன் ஜினோ மூலமாகப் பன்னிரண்டு புட்டி கொண்ட ஒரு பெட்டி. ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.

(பக்கத்து ஜெகதளாவில் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கு ஃபேக்டரிக்கு இலையைக் கொடுத்துவிட்டு, விலை என்னவென்று அடுத்த மாதம் தெரிந்துகொள்கிறார்கள். எட்மண்ட் இன்றைக்கு விலையைக் கொடுத்துவிட்டு... இதைக் கட்டுரையாக எழுதலாம். கட்டுரைக்குக் காசு கம்மி.)

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய குன்னூர் மலைச்சரிவில், ஒரு தனித்த மனிதன் தன் கோப்பையை—"

வேண்டாம். குன்னூரில் பனி மூடினால் துணி காயாது. அதைத் தாண்டி அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: "எட்மண்ட் நல்லவர்—"

இரண்டே வார்த்தை. கை நின்றுவிட்டது.

மூன்றாவது, நடந்தபடியே: ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் எட்மண்ட் செல்போனை நீட்டுவார்.

"பாருங்க எழுத்தாளரே, ஒண்ணே முக்கா லட்சமுங்க! இன்னும் பீப்பாயில தூங்கிட்டிருக்குது, அதுக்குள்ள!"

"ஒரு வாய் குடிச்சாவது பாத்தீங்களா?"

"இதையெல்லாம் குடிக்கறதுக்கா வாங்குவாங்க?"

முப்பது வருஷம் வாயில் வைத்ததைத் துப்பியவர், இப்போது வாயிலேயே வைக்காததற்குப் பணம் கட்டுகிறார் என்று அடுத்த வாரமே பத்திரிகையில் என் பத்தியில் எழுதினேன். பெயர் போடவில்லை. ஊருக்கே தெரிந்தது. எட்மண்ட் அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட மனிதனை என்னதான் செய்வது?

என் மனைவி யூனிஸ், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அந்தப் போன் திரையை என்னைவிட நெருங்கிப் பார்ப்பாள். "ஏனுங்கண்ணா, போன வாரத்துக்கு இது எத்தனை சதவீதம் கூட?" அண்ணா என்று கூப்பிடுவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என் பத்தியை அவள் ஒருநாளும் அவ்வளவு நெருங்கிப் படித்ததில்லை.

3

புட்டி வெளியே வந்தது. விலை எண்பதாயிரத்துக்கு இறங்கியது.

இந்த இரண்டு வாக்கியங்களையும் ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஐந்தும் இனித்தன.

அந்த வாரம்தான் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை.*

* தெரியாதவர்களுக்கு: வீட்டில் விளைந்ததை, சுட்டதை, வளர்த்ததை ஆலயத்துக்குக் கொடுப்போம். ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். நாற்பது ரூபாய்ப் பூசணி மூவாயிரத்துக்குப் போகும். பணம் ஆண்டவருக்குப் போகிறது. விலை பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து ஏறுகிறது.

லூயிஸ் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரு சௌசௌ. எட்மண்ட் ஐந்நூறு என்றார். நான் எழுந்தேன்.

"அவசரப்பட்டு யாரும் ஏத்தாதீங்க! எட்மண்ட் கேட்டிருக்காருங்க. ரெண்டு வருசம் பொறுத்தா இதே காய் முந்நூறுக்கு வரும்!"

சபை சிரித்தது. ஆயர்கூட பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். எட்மண்டின் காது சிவந்தது. என் வாழ்நாளில் அதைவிடப் பலித்த வாக்கியம் நான் எழுதியதில்லை.

"ஆயிரம்," என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். யூனிஸ்.

"சிஸ்டர், ஒரே ஒரு சௌசௌதானுங்க," என்றார் லூயிஸ், மனசு கேட்காமல்.

"தெரியுமுங்க. ரெண்டாயிரம்."

தன் விலையைத் தானே ஏற்றுகிற ஆளை எங்கள் சபை அன்றுதான் பார்த்தது. அவள் எட்மண்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

4

வீட்டுக்கு வந்ததும் காயைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"அந்தப் பெட்டில பாதி என்னுதுங்க. ஆறு புட்டி. என் பி.எஃப். பணம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நான் சௌசௌவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"சொல்லாமயே அதைப் பண்ணிட்டீங்க. பேப்பர்ல ஒருக்கா, இன்னைக்கு சபையில ஒருக்கா." தண்ணீர் குடித்தாள். "உங்க கிண்டல் படாத ஒண்ணு எனக்குன்னு இருக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதாங்க."

எட்மண்ட் விற்றுவிடலாம் என்கிறாராம். டீக்காரர் புத்தி. பழைய தேயிலைக்கு ஏலத்தில் மரியாதை கிடையாது. நின்ற சரக்கை வந்த விலைக்குத் தள்ளுவதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். இது கிடந்தால் ஏறக்கூடிய சரக்கு என்று யூனிஸ் அவருக்குப் பாடம் எடுக்கிறாள். பெட்டியைப் பிரித்தால் விலை போகாது. விற்றால் இருவரும் விற்க வேண்டும், வைத்தால் இருவரும் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஜினோவுக்குச் சொல்லியாக வேண்டும்.

இதையெல்லாம் அவர்கள் இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

5

முடிவு அ: வைத்திருக்கிறார்கள். விலை மூன்று மடங்காகிறது. யூனிஸ் ஜெயிக்கிறாள். எட்மண்டும் ஜெயிக்கிறார். (கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட வழி தேடி ஒரு நாள் முழுக்கப் போனது. பெட்டி ஒன்றுதானே.)

முடிவு ஆ: விலை இன்னும் இறங்குகிறது. எட்மண்ட் தோற்கிறார். கதையைத் தொடங்கியபோது கையில் வைத்திருந்த முடிவு இதுதான். தலைப்பும் அதற்கு வைத்ததுதான். இப்போது அதை எழுதினால் என் மனைவியின் பணத்தின்மேல் எழுதுகிறேன்.

முடிவு இ: நான் எட்மண்டின் வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து, மன்னிப்பு—

இல்லை.

வியாழக்கிழமை, இதுவரைக்கும் எழுதியதை யூனிஸிடம் கொடுத்தேன். "வேண்டாம்னா கிழிச்சுடறேன்." சிவப்புப் பேனா எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம்.

"ஒண்ணே முக்கா இல்லீங்க. ஒண்ணு எழுவது வரைக்குந்தான் போச்சு."

"அது எட்மண்ட் சொன்னது."

"அண்ணா ஏத்தித்தான் சொல்லுவாரு." முதல் தடவையாக எட்மண்டைப் பற்றி ஒரு குறை. எனக்கு வயிறு நிறைந்தது. "போட்டுக்கோங்க. சபையே கேட்டதுதானே. ஆனா முடிவு மட்டும் உங்களுக்குக் கிடையாதுங்க."

"அப்படின்னா?"

"என்ன பண்றோம்னு சொல்ல மாட்டேன்."

6

வெள்ளிக்கிழமை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எட்மண்டிடம் போனில் பேசினாள். பன்னிரண்டு நிமிஷம். பாதியைக் குக்கர் விசில் விழுங்கிவிட்டது. மூன்று முறை சிரித்தாள். நான் எழுதியதற்கு அவள் அப்படிச் சிரித்து— (விட்டுவிடுங்கள்.)

விற்றார்களா, வைத்திருக்கிறார்களா, எனக்குத் தெரியாது. எட்மண்டிடம் கேட்கலாம். கேட்க மாட்டேன். அவர் சொல்லிவிடுவார், அதுவும் பெருந்தன்மையோடு.

ஆகவே, வாசகரே, குன்னூர்ப் பக்கம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்துக்கு ஆலய வாசலுக்கு வாருங்கள். நீலக்கரைச் சேலை, மூக்குக்கண்ணாடி, கையில் மடித்த குடை. யூனிஸ் டீச்சர் என்றால் யாரும் காட்டுவார்கள். அவளிடம் கேளுங்கள். உங்களுக்குச் சொல்வாள், நீங்கள் சிரிக்காமல் கேட்டால். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

நான் நாலடி தள்ளி, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருப்பேன். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்.