பைன் காட்டுப் பொறி

சேயோனின் புது வீட்டைப் பார்க்கத்தான் அவனுடைய தாய் குமுதினி வுப்பர்டாலிலிருந்து டிரெஸ்டனுக்கு வந்திருந்தாள். வந்த மறுநாளே அவன் அவளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிழமை நாட்களில் பணிமனையில் மின்சார ரயில்களைப் பழுது பார்ப்பவன், வார இறுதியில் பக்கத்து லௌசிட்ஸ் பகுதியின் பைன் காட்டில் ஒரு சின்ன நீராவி எஞ்சினுக்குக் கரி போட்டான். பழைய எஞ்சின்களை ஓட்டும் ஒரு சங்கத்துக்காகச் செய்யும் சம்பளமில்லாத வேலை. அதுதான் குமுதினிக்கு விளங்கவேயில்லை.

"கிடைக்கிறதே ரெண்டு நாள் லீவு. அதிலயும் போய்க் கரி அள்ளுறியோ?" என்று காரில் கேட்டாள். ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கி அவனைப் படிக்கவைத்தவள் அவள்.

"வந்து பாருங்கோ அம்மா. பாத்திட்டுச் சொல்லுங்கோ."

வெட்டிய மரங்களைக் காட்டுக்குள்ளிருந்து இழுத்துவருவதற்காகச் செய்த எஞ்சின் அது. ரயில் எஞ்சின் என்றால் மலைபோல நிற்கும் என்று நினைத்திருந்த குமுதினி, தன் சமையலறைக்குள் நிறுத்திவிடலாம் போலிருந்த அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். தண்டவாளமும் ஒடுக்கம். மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓட வேண்டியதால் முன்சக்கரமும் பின்சக்கரமும் பக்கவாட்டில் கொஞ்சம் விலகிக்கொடுக்கும். காட்டில் நெருப்புப் பொறி விழக்கூடாதென்று புகைபோக்கியின் தலையைப் பானைபோல உப்பவைத்து, உள்ளே கம்பிவலையும் போட்டிருந்தார்கள். இப்போது அது மரத்துக்குப் பதிலாகச் சுற்றுலாக்காரரை இழுத்தது.

எஞ்சினை ஓட்டிய பென்ஜமின் புறப்படும் முன் வானத்தைப் பார்த்தார். "ஓடலாம் என்று வனத்துறை சொல்லியிருக்கிறது. ஆனாலும் காடு காய்ந்துபோய்க் கிடக்கிறது. மேட்டில் மெதுவாகப் போவோம். கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு" என்றார்.

சேயோன் தலையாட்டினான். ஆனால் கடைசிப் பெட்டியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தாய் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது அவன் கண்ணில் பட்டது. மேடு தொடங்கியதும் அவன் கரி அள்ளும் சவளை நிறைத்து நிறைத்துப் போட்டான். நீராவி மளமளவென்று ஏறியது.

"நீராவியைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். என் அம்மா வந்திருக்கிறா. அவ ஒருதரம் இதன் சத்தத்தைக் கேட்கட்டும்."

பென்ஜமின் தயங்கினார். பிறகு புன்னகையோடு நீராவிக் கைப்பிடியை இழுத்தார். எஞ்சின் அடித்தொண்டையால் முழங்கிக்கொண்டு ஏறியது. கரும்புகை மரங்களுக்கு மேலே எழும்பியது. குமுதினி நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியிலிருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். புகை கண்ணில் படவே அவள் பின்பக்கம் திரும்பினாள். அப்போதுதான் தண்டவாளத்தின் ஓரமாக, காய்ந்த பைன் ஊசியிலைகளுக்கு நடுவே, இன்னொரு புகை மெல்ல எழும்புவதைக் கண்டாள். அவள் யாரையும் கேட்கவில்லை. எழுந்து, கூரையோரம் தொங்கிய சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

ரயில் குலுங்கி நின்றது. இறங்கிய சேயோன் பின்னால் பார்த்தான். தீ செடிகளில் பற்றியிருந்தது.

எஞ்சினில் தண்ணீர் இருந்தது. கரியை நனைக்கிற ரப்பர் குழாயும் இருந்தது. ஆனால் எஞ்சின் ரயிலின் முன்தலையில் நின்றது. தீயோ வாலுக்குப் பின்னால். எல்லாரையும் இறக்கி, முன்னாலிருந்த வெட்டவெளிக்கு நடத்தினார்கள். அழுத ஒரு சிறுமியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குமுதினியும் நடந்தாள். வெற்றுப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பென்ஜமின் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினார். மரப்பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தீயைத் தாண்டின. ஒரு பெட்டியின் படிக்கட்டு கருகியது. எஞ்சின் தீக்கு நேரே வந்ததும் சேயோன் குழாயோடு குதித்தான். கொதிகலனிலிருந்து குழாய் வழியே பாய்ந்த கொதிதண்ணீர் கையில் தெறித்ததை அவன் பொருட்படுத்தவில்லை. ஊர்த் தீயணைப்புப் படை வந்து சேர்ந்தபோது, ஒரு வீட்டு வளவின் அளவு நிலம் கறுத்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் தீ போகவில்லை.

பிற்பகலில் எஞ்சின் ஆறியபின் புகைபோக்கியைத் திறந்து பார்த்தார்கள். கம்பிவலையில் விரல் நுழையுமளவு ஓட்டை.

"இதுதான் காரணம்" என்று சங்கத்தார் சொன்னார்கள். சிலர் சேயோனின் தோளில் தட்டினார்கள். அவன் காரில் ஏறியும் சாவியைத் திருப்பாமல் இருந்தான்.

"என்னடா, கை எரியுதோ?"

"இல்லை அம்மா. மெதுவாப் போவம் எண்டு அவர் சொன்னவர். உங்களுக்குக் காட்ட வேணும் எண்டு நான்தான் கரியைக் கொட்டினனான். அவ்வளவு பொறி பறந்தது அதாலதான்."

குமுதினி அவன் முகத்தையே பார்த்தாள். முப்பது வயதை நெருங்கும் மகன், கண்ணைச் சுற்றிக் கரியோடு, பள்ளிக்கூடத்தில் பிழை விட்ட பிள்ளைபோல இருந்தான். தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"நான் சொல்லாட்டி வலையை மட்டும்தான் மாத்துவினம்" என்றான் அவன்.

"அப்ப போய்ச் சொல்லு. நானும் வாறன்."

இருவரும் திரும்பிப் போனார்கள். எஞ்சின் கொட்டகைக்குள் கூடிநின்ற சங்கத்தாரிடம் சேயோன் நடந்ததை அப்படியே சொன்னான். பென்ஜமின் தொப்பியைக் கழற்றினார்.

"கைப்பிடி என் கையில்தான் இருந்தது. அவன் கேட்டான், நான் திறந்தேன். அறிக்கையில் எழுதுவதானால் இரண்டு பேரின் பெயரையும் எழுதுங்கள்."

மழை வரும்வரை நீராவி ஓட்டத்தை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு முடியும்வரை அவர்கள் இருவரும் எஞ்சினில் ஏறக்கூடாதென்றும் முடிவானது. சேயோனுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான். தண்டவாளத்தின் இருபுறமும் காய்ந்த ஊசிகளை வாரி அகற்ற ஆள் வேண்டும் என்று ஒருவர் சொன்னபோது அவன் கையை உயர்த்தினான்.

குமுதினி வுப்பர்டாலுக்குப் போகும் நாளைத் தள்ளிவைத்தாள். அடுத்த சனிக்கிழமை தானும் ஒரு வாருகோலை எடுத்துக்கொண்டாள். பாதி வழியில் முதுகை நிமிர்த்தி நின்று கேட்டாள்: "உண்மையாச் சொல்லு. இதில உனக்கு என்ன பிடிச்சது?"

சேயோன் யோசித்தான். "வேலையில கொம்பியூட்டர்தான் பிழையைச் சொல்லும், அம்மா. இங்க எஞ்சின்ர மூச்சு மாறினா என்ர காதுக்கே விளங்கும்."

"அண்டைக்கு எப்பிடி மூச்சு விட்டது?"

"தெரியாது. அண்டைக்கு நான் அதைக் கேக்கேல்லை. உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

குமுதினி கையுறையைக் கழற்றிவிட்டு, கொப்புளம் காய்ந்துவந்த அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இருவரும் வளைவு வரைக்கும் வாரினார்கள்.