ஆயிலியம், மூன்றாம் பாதம்

சுவிற்சர்லாந்தின் லுசேர்ண் ஸ்ரேசன் மேடையில் தில்லைநாயகி தம்பிக்கும் அவன் மனைவிக்கும் முன்பே வந்து நின்றாள். வழியனுப்ப வந்தாளாம். யாரும் கூப்பிடவில்லை. தம்பி வீட்டு விசயத்தில் கூப்பிட்டால்தான் வருவது என்ற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மயூரி பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க மச்சாள்" என்றாள்.

"எயார்போட் மட்டும் வாறன்," என்று தில்லைநாயகி தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

தினேசன் தலையை ஆட்டினான். மேடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. பெரியதில் கணவன் மனைவியின் உடுப்புகள். சின்னதில் மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கிய குளிர்ச்சட்டை, சப்பாத்து, ஒரு துணி முயல். ரெயின் வந்ததும் ஐம்பத்தேழு வயதுத் தில்லைநாயகி பெரிய பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி ஏற்றினாள். சின்னதைத் தொடவே இல்லை. மயூரி அதையும் கவனித்தாள். கவனிக்காமல் விட்டுவிடலாம் என்றால், பதினான்கு வருடமாக மச்சாளைக் கவனித்துக் கவனித்தே பழகிப்போன கண்.

அது 2019 ஒக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை. பகல் இரண்டு மணிக்கு விமானம். திங்கட்கிழமை காலை தென்சீனாவில் ஓர் அலுவலகத்தில் மயூரியும் தினேசனும் நேரில் நின்று கையெழுத்திட வேண்டும். இரண்டு கையெழுத்தும் இருந்தால் தத்துப்பிள்ளை கைக்கு வரும். ஒன்று குறைந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். அதைத் திறக்க வைக்கவே நான்கு வருடம் போயிருந்தது. கன்ரோன் எனப்படும் மாநில அரசின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மூன்று முறை வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டி வரைக்கும் திறந்து பார்த்தாள். வீட்டில் சண்டை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். "அவரோட சண்டையோ, அவற்ற அக்காவோட சண்டையோ?" என்று மயூரியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டாள்.

மயூரிக்கு நாற்பத்தொரு வயது. முதியோர் இல்லமொன்றில் கிழவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கவைக்கிற வேலை. சொந்தப் பிள்ளைக்காக ஐந்து வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, உடம்பு முழுக்க ஊசி வாங்கி, கடைசியில் டொக்டரே கையை விரித்துவிட்டார். அதன் பிறகு இலங்கைக்கு எழுதிப்போட்டு இரண்டு வருடம் காத்திருந்து, பதிலே வராமல்தான் சீனாவுக்கு விண்ணப்பித்தார்கள். இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. அதன் படம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. யாதவி என்று பெயரும் வைத்தாயிற்று. இதைவிட வேறு எதையும் மயூரி தன் வாழ்க்கையில் இந்த அளவுக்கு விரும்பியதில்லை.

நான்கு பேர் எதிரெதிரே இருக்கிற இருக்கையில் தில்லைநாயகி தம்பிக்குப் பக்கத்தில் அமர்ந்துகொண்டாள். மயூரி எதிரில், சின்னப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு.

றோட்குறொய்ஸ் நிலையம் தாண்டுவதற்குள் மச்சாள் தொடங்கிவிட்டாள்.

"எங்கட சனத்தில தாய் தகப்பன் இல்லாத பிள்ளையளே இல்லையோ மனே? சண்டையில எத்தினை செத்துது. அதுகளை விட்டிட்டு சீனாவுக்குப் போறியள்."

"கேட்டுப் பாத்தது உங்களுக்குத் தெரியும் மச்சாள்," என்றாள் மயூரி. இந்தப் பதிலை அவள் இருநூறு முறையாவது சொல்லியிருப்பாள்.

"நான் அவனோட கதைக்கிறன்."

தினேசன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். அக்காவும் மனைவியும் மோதும்போது வெளியே பார்ப்பது அவனுடைய நிரந்தர உத்தியோகம். ஹோட்டல் குசினியில் இருபது சமையல்காரரை மேய்க்கிற ஆள், அக்கா முன்னால் பதினைந்து வயதுப் பொடியனாகிவிடுவான். அந்த வயதில்தான், தொண்ணூறாம் ஆண்டு, தில்லைநாயகி அவனைக் கையில் பிடித்துக்கொண்டு மட்டக்களப்பிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவனுக்காகவே கலியாணம் கட்டாமல் இருந்தாள். அன்று தொட்டு இன்று வரைக்கும் சோபா வாங்கினாலும் அக்காவைக் கேட்டுத்தான் வாங்குவான். மயூரியையும் அக்கா பார்த்துச் சொல்லித்தான் கட்டினான்.

"நான் ரூம் கிளீன் பண்ணுற ஹோட்டலில சீனச் சனம் பஸ் பஸ்ஸா வந்து இறங்குதுகள்," என்றாள் தில்லைநாயகி. "நாள் முழுக்க அதுகளிட குப்பையை அள்ளிப்போட்டு உங்கட வீட்ட வந்தா, அங்கயும் ஒண்டு 'மாமி' எண்டு நிக்கப்போகுது."

"உங்களை மாமி எண்டு கூப்பிட வேண்டாமெண்டு சொல்லி வைக்கிறன்."

"சொல்லு. நீ பெறாததுக்கு நான் எப்பிடி மாமியாகிறது?"

பக்கத்து இருக்கையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த சுவிஸ்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். பெறாதவள் என்பதை மயூரி நேரடியாக அந்த வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. இதுவரை சாடைமாடையாகத்தான் வந்திருக்கிறது. இன்னும் ஒரு மணித்தியாலம்தான், பிறகு மூன்று கிழமைக்கு இந்த முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சூக் கடந்ததும் தில்லைநாயகி கைப்பையைத் திறந்து, பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்த ஒரு கடதாசியை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"அந்தப் பிள்ளைட சாதகம். போன மாசம் உங்கட வீட்டில படத்துக்குக் கீழ திகதி கிடந்தது. போனில எடுத்து பேர்ன்ல இருக்கிற சாத்திரியாருக்கு அனுப்பினன். வாசி."

தினேசன் வாசித்தான். உதடு அசைய அசைய வாசித்தான். மயூரி எட்டிப் பார்த்தாள். கட்டங்கள், கிரகங்கள், கீழே கையெழுத்தில் இரண்டு வரி: ஆயிலியம், மூன்றாம் பாதம். தாய்க்கு ஆகாது.

"தாய்க்கு ஆகாதெண்டா சும்மா தடிமன் காய்ச்சல் இல்ல," என்றாள் தில்லைநாயகி. "மூண்டு வருசத்துக்குள்ள தாயை எடுக்கும் எண்டு சாத்திரியார் போனில சொன்னார். ஒருக்கால் எடுத்துப்போட்டுதுதானே. பெத்தவள் எங்க? இனி இவளை எடுக்கும்."

"இதை எப்ப வாங்கினீங்க?" என்று மயூரி கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை."

செவ்வாய்க்கிழமை வாங்கி, வெள்ளிக்கிழமை ரெயின் ஓடத் தொடங்கிய பிறகு கொடுத்திருக்கிறாள். நடுவில் மூன்று நாள் இருந்தால் மயூரி தினேசனைப் பேசிச் சமாளித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

"இஞ்சாருங்க, அந்தத் திகதி உண்மையான திகதி இல்ல," என்று கணவனிடம் சொன்னாள். "பிள்ளையை ஒரு சந்தைப் படிக்கட்டில கண்டெடுத்தது. டொக்டர் தொப்புளைப் பாத்திட்டு, பிறந்து நாலு நாளிருக்கும் எண்டு எழுதினவர். மூண்டாயும் இருக்கலாம், ஆறாயும் இருக்கலாம், பிறந்த நேரமோ ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் வாசிச்சனீங்கதானே. ஒரு நாள் மாறினா நட்சத்திரமே மாறிப்போகும்."

"எழுதினது எழுதினதுதான்," என்றாள் தில்லைநாயகி. "அந்த நாளை எழுத வைச்சதும் கடவுள்தான்."

தினேசன் கடதாசியை மடித்தான், விரித்தான். உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தான். பிறகு மயூரியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"திங்கட்கிழமையைக் கொஞ்சம் தள்ளிப்போடேலாதோ மயூரி? ஊரில இன்னொரு சாத்திரியாரிட்டயும் ஒருக்காக் கேட்டிட்டு... உனக்கு ஒண்டு நடந்தா நான் என்ன செய்யிறது?"

மயூரிக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. தள்ளிப்போடவாம். அங்கே அவர்கள் தள்ளிப்போட மாட்டார்கள், பிள்ளையை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். இந்த மனுசன் எயார்போட்டில் இறங்கி, அடுத்த ரெயினில் அக்காவோடு லுசேர்ணுக்குத் திரும்பிவிடுவான். திரும்புவான் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ரால்வில் வந்தது. வலப்பக்கம் சூரிச் ஏரி வெயிலில் கிடந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

மயூரியிடம் ஓர் ஆயுதம் இருந்தது. மாசி மாதத்திலிருந்து வைத்திருந்தாள். எடுக்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள்.

"உங்கட சாதகம் ஆர் குறிப்பிச்சது?" என்று கணவனைக் கேட்டாள்.

"அக்கா. ஏன்?"

"சீனாவுக்கு அனுப்ப உங்கட பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கக் குடுத்தனான் எல்லோ. அந்தக் கவருக்குள்ள எங்கட கலியாணத்துக்குப் பாத்த சாதகமும் கிடந்தது. ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தன். சாதகத்தில இருக்கிற பிறந்தநாள் உங்கட பிறந்தநாள் இல்ல. நாலு நாள் பிந்தின நாள்." மச்சாளின் பக்கம் திரும்பினாள். "பத்தில எட்டுப் பொருத்தம் எண்டு பதினாலு வருசமாச் சொன்னீங்க. நான் ஆரோட பொருந்தினனான் மச்சாள்? பொய்த் திகதியில தம்பிக்குப் பொம்பிளை எடுத்த நீங்க, என்ட பிள்ளைக்குச் சாத்திரம் பாக்கிறீங்களோ?"

சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி இருந்தது. எவ்வளவு நாள் ஆசை. தில்லைநாயகியின் முகம் வெளுத்துப் போனதை ஆசை தீரப் பார்த்தாள்.

"உண்மையோ அக்கா?" என்றான் தினேசன்.

ரெயின் சூரிச் பிரதான நிலையத்தில் நின்றது. சனம் இறங்கியது, ஏறியது. செய்தித்தாள்காரரும் இறங்கிப் போனார். ரெயின் மறுபடி நகரத் தொடங்கியதும் தில்லைநாயகி மயூரியைப் பார்த்துத்தான் பேசினாள். தம்பி பக்கத்தில் இருப்பதே மறந்துபோன மாதிரி இருந்தது.

"ஓம். நான்தான் மாத்தினன். அத்த நட்சத்திரம் எண்டு எழுதுவிச்சன். உள்ள நட்சத்திரத்தைச் சொல்லியிருந்தா உன்ட கொப்பர் உன்னைத் தந்திருப்பாரோ? அவனும் ஆயிலியம்தான். மூண்டாம் பாதம்தான். அவன் பிறந்து பதினோராம் நாள் அம்மா செத்தா. எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு. ஒரு கையில அவனை வைச்சுக்கொண்டு நிக்கிறன், அம்மாவைத் தூக்கிக்கொண்டு போறாங்க. சாத்திரம் பொய்யெண்டு நீ எனக்குச் சொல்லாத. நான் கண்ணால கண்டனான். தாயைத் திண்டவன் ஒருத்தன் இருக்கிற வீட்டுக்குள்ள தாயைத் தின்னி இன்னொண்டைக் கொண்டுவரப் போறியோ?"

அதன் பிறகுதான் அவளுக்கே தான் சொன்னது கேட்டிருக்க வேண்டும். கை தானாக வாய்க்குப் போனது.

பொருத்தம் வரவைக்கத் திகதியை மாற்றியிருப்பார்கள் என்றுதான் மயூரி நினைத்திருந்தாள். நாலு பேர் செய்கிற கள்ள வேலைதான் என்று நினைத்தாள். இப்படி ஒன்று உள்ளே கிடக்கும் என்று தெரிந்திருந்தால் தோண்டியிருக்க மாட்டாள். மாமியார் பிள்ளைப்பேற்றோடு இறந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'தாயைத் திண்டவன்' என்ற அந்தச் சொல்தான் அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல்.

"மனே," என்றாள் தில்லைநாயகி. குரல் மாறியிருந்தது. "நான் உன்னைச் சொல்லேல்லடா. அந்தச் சொல்லு உன்ட காதில விழக்கூடாதெண்டு தானே பெரியம்மா வீட்டோட பேச்சை விட்டனான். அதுக்குத்தானே உன்ட நட்சத்திரத்தையே மாத்தினனான்."

தினேசன் சாதகத்தை மடித்து உறைக்குள் போட்டான். அவசரப்படவில்லை. அக்காவின் கைப்பைக்கு மேல் அதை வைத்தான்.

"எனக்குத் தெரியும் அக்கா," என்றான்.

"என்ன தெரியும்?"

"ரெண்டாம் வகுப்பில இருந்தே தெரியும். பள்ளிக்கூடத்தில சொல்லுவாங்கள். கிணத்தடியில பெண்டுகள் சொல்லுவாங்கள். பெரியம்மா என்ட முகத்துக்கு நேரயே சொன்னவ. அப்பாவும் குடிவெறியில ஒருக்காச் சொன்னவர்." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "உலகத்தில சொல்லாத ஆள் நீங்க ஒராள்தான். அதுக்காகத்தான் இவ்வளவு காலமும் நீங்க சொன்ன ஒண்டையும் நான் தட்டேல்ல. நீங்க நில் எண்டா நிண்டன், இரு எண்டா இருந்தன். இண்டைக்கு நீங்களும் சொல்லிட்டீங்க."

தில்லைநாயகி அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் எழுந்துவிட்டான். அடுத்தது விமானநிலையம் என்று ஒலிபெருக்கி ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சொன்னது. தினேசன் பெரிய பெட்டியை இழுத்து வாசலில் வைத்தான். திரும்பி வந்து, மயூரியின் காலுக்கிடையில் இருந்த சின்னப் பெட்டியையும் எடுத்துக்கொண்டான்.

"மயூரி, எழும்பு. நேரமாகுது."

"நானும் இறங்கிறன்," என்றாள் தில்லைநாயகி.

"வேண்டாம். நீங்க இருங்க," என்றான். "நாங்க திரும்பி வரேக்கயும் வர வேண்டாம். அந்தப் பிள்ளை இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில கேட்டாக் கேட்கட்டும், வீட்டில கேட்க வேண்டாம்."

மயூரி எழுந்தாள். இந்த ஒரு வார்த்தையைப் புருசன் வாயால் கேட்க வேண்டுமென்று பதினான்கு வருடம் தவம் கிடந்திருக்கிறாள். வென்றுவிட்டாள். திங்கட்கிழமை இரண்டு கையெழுத்தும் விழும். ஆனால் சந்தோசம் வரவில்லை. மச்சாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லேன் என்று அந்தக் கண் கேட்டது. அவளை மன்னிக்க மயூரிக்கு மனமில்லை. பெறாதவள் என்றது இன்னும் காதில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள்.

மேடையில் தினேசன் திரும்பிப் பார்க்காமல் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு நகரும் படிக்கட்டை நோக்கி நடந்தான். மயூரிதான் ஒருமுறை பார்த்தாள். தில்லைநாயகி அதே இருக்கையில் கைப்பையை அணைத்தபடி இருந்தாள். அவள் இறங்கி எதிர் மேடையில் லுசேர்ண் ரெயின் பிடிக்க வேண்டும், ஆனால் எழும்பவில்லை. கதவுகள் மூடிக்கொண்டன. ஜெர்மன் எல்லை வரைக்கும் போகிற ரெயின் அது.