ஏழாம் வார்டுக்கு ஒரே ஒரு வேலை

தொண்ணூற்றேழாம் வருஷம், மாசி மாதம். எங்கள் பேரூராட்சித் தலைவர் மெம்பர்களை எல்லாம் உட்கார வைத்துக் கறாராகச் சொல்லிவிட்டார். வரப்போகிற பட்ஜெட்டில் வார்டுக்கு ஒரு வேலைதான். மக்களைக் கூட்டிக் கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஏழாம் வார்டு மெம்பர் நான்தான். பெயர் ராமலட்சுமி. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால், பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் ராஜகுரு என்னை நிற்க வைத்தார். ஜெயித்த பிறகும் அவர் சொன்னபடி கேட்பேன் என்று நினைத்தார், பாவம்.

எனக்கு ஓட்டு விழுந்தது தண்ணீருக்காக. வார்டில் பெரிய தெருவான நெசவாளர் தெருவில் குழாய் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன்னே ஒரு மைல் நடந்து கண்மாய்க் கிணற்றுக்குப் போய், தண்ணீர் ஊறும்வரை காத்துக் கிடந்து, ஏழு மணிவாக்கில் திரும்புவார்கள். "தெருவுக்குக் கொழா கொண்டாந்திருவேன்" என்று அந்தத் தெரு வெங்கடம்மாளின் கையைப் பிடித்துச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன். அவள் ஒருத்தி சொன்னால் நாற்பது வீட்டுப் பெண்களும் கேட்பார்கள்.

தறியில் உட்காருவதற்கு முன் ஆட்கள் சிக்குவார்கள் என்று, கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு வைத்தேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. அந்த நேரத்தில் பெண்கள் எல்லாரும் கிணற்றடியில். வந்தது முழுக்க ஆண்கள்.

வெங்கடம்மாளின் வீட்டுக்காரர் அப்பய்யாதான் அந்தத் தெருவுக்குப் பெரிய மனிதர். அவர் எழுந்தார்.

"வடக்குத் தெருவுல சிமெண்டு ரோடு போட்டுட்டாக மெம்பரம்மா. பொண்ணு பாக்க வாரவுக நம்ம தெருப் புழுதியைப் பாத்துட்டு மூஞ்சியைச் சுளிக்காக. நமக்கும் சிமெண்டு ரோடுதான்."

"அப்ப தண்ணி?"

"அதான் பொம்பளைக கொண்டாராகள்ல?"

எல்லாரும் கையைத் தூக்கினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தூக்கிய கை ஒவ்வொன்றிலும் ஒரு குடத்தைத் தொங்கவிட்டிருப்பேன்.

நேரே வெங்கடம்மாளிடம் போனேன். அப்போதுதான் வந்து குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி, பெண்களை வைத்து மறுபடியும் கூட்டம் போடலாம் என்றேன். அவள் சிரித்தாள்.

"ரோடுன்னே இருக்கட்டும் தாயி. ஓவர்சியரை மட்டும் நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அளக்க வரச் சொல்லு."

அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. புருஷன் பக்கம் சாய்ந்துவிட்டாளே என்று மனசுக்குள் நன்றாக வைதேன். ஆனாலும் ஓவர்சியருக்குச் சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமை காலை ஓவர்சியர் உதயகுமார் அருப்புக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். தெருவில் அன்றைக்குப் பாவு போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் நூலைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் கடுமையாவதற்குள் காயவைக்கிற வேலை அது. அதற்காகப் பத்தடிக்கு ஒரு கவைக்கம்பு மண்ணில் ஊன்றியிருந்தது. அப்பய்யா கஞ்சிக் கையோடு நடுவில் நின்றார்.

சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே வந்த உதயகுமார் கம்புகளைப் பார்த்து நின்றார்.

"இதையெல்லாம் பிடுங்கிருங்க. இந்த வீட்டுப் படியில இருந்து எதுத்த வீட்டுப் படி வரைக்கும் சிமெண்டு."

"ரோடு போட்டபெறகு திரும்ப ஊனிக்கலாம்ல?" என்றார் அப்பய்யா.

"எதுல ஊனுவீக? கடப்பாரையே எறங்காதே!"

எல்லாரும் ஊன்றியிருந்த கம்புகளைத் திரும்பிப் பார்த்தார்கள். வாரத்தில் நான்கு நாள் கம்பு ஊன்றுகிற கைகள்தாம் நேற்று சிமெண்டுக்கும் தூக்கின. ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. பிறகு ஆளாளுக்குத் தெலுங்கில் கத்தினார்கள். அவர்கள் வீட்டுப் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாரும் அப்பய்யாவைத்தான் வைகிறார்கள் என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

அவர் என்னிடம் ஓடி வந்தார். "மெம்பரம்மா, எழுதிக் குடுத்துட்டீகளா?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் நேரம் இருக்கு. வேற என்ன எழுதட்டும்?"

அவர் திரும்பிப் பார்த்தார். கிணற்றுக்குப் போன பெண்கள் இடுப்பில் குடத்தோடு தெருமுனையில் வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் வெங்கடம்மாள்.

"தண்ணின்னு எழுதுங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்புறம் வெங்கடம்மாளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "கம்பு விஷயம் ஒனக்கு மொதல்லயே தெரியும்ல? எங்கிட்டச் சொன்னா என்ன?"

"வாயால சொல்லியிருந்தா, கம்புக்குக் குழி விட்டு ரோடு போடலாம்னு ஒரு யோசனை கண்டுபிடிச்சிருப்பாக. பாவு நிக்கையில வந்து அளந்தாத்தான் ஒறைக்கும்."

நான் மனசுக்குள் வைததை அவளிடம் சொல்லவில்லை.

ஆடியில் குழாய் வந்துவிட்டது. முதல் நாள் விடியற்காலையில் தண்ணீர் திறந்தபோது, முதல் ஆளாகக் குடத்தோடு நின்றவர் அப்பய்யாதான். "கம்புக்கு இடிக்காத தூரத்துல வைக்கச் சொன்னதே நான்தான்" என்று, குழாயே தன் யோசனை மாதிரி எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தார்.

வெங்கடம்மாள் குழாய்ப் பக்கமே வரவில்லை. வெறுங்கையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கோபமா, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன்.

"கல்யாணமாகி இருவத்திரெண்டு வருஷம். விடியுறதை எல்லாம் கம்மாக்கரையிலதான் பாத்திருக்கேன். எம் வாசல்ல எப்படி விடியுதுன்னு இன்னைக்குத்தான் பாக்கேன். பேசாம உக்காரு தாயி."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.