பெட்டியின் மேல் கவிழ்த்த சட்டி

விடிவதற்கு முன்பே ஐஸ் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். கட்டிகளைக் கொக்கியால் இழுத்து, அரவை எந்திரத்தில் தள்ளி, கூடை கூடையாகத் தோளில் சுமந்து படகின் அடியறைக்குள் இறக்க வேண்டும். குளிர்ந்த நீர் முதுகில் வழிந்து இடுப்புத் துணியில் தேங்கும். விரல்கள் மரத்துப்போய், கூடை கையில் இருக்கிறதா என்பதே தெரியாது. படகு ஓட்டும் டிரைவர்கள் ஐஸ் சுமப்பதில்லை. இந்தப் படகின் டிரைவர் மட்டும் இன்று சுமந்தான். அடியறையில் நின்று கூடையை வாங்குகிற இடத்தில், பதினெட்டு நாளுக்கு முன்புவரை அவனுடைய மச்சான், அக்காள் புருஷன், நின்றிருந்தார். இப்போது அதே படகில் வேலை பார்க்கும் நெட்டையன் நின்றான்.

“போதும் டிரைவரே. இடுப்பு புடிச்சுக்கிட்டா சுக்கானை யாரு புடிக்கிறது?”

“பேசாம வாங்குடா.”

கடலில் எல்லைக் கோடு எங்கே போகிறது என்று இரண்டு அரசாங்கங்களுக்கும் இருந்த தகராறு இன்னும் தீரவில்லை. ஆனாலும் போன வருடம் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஆபத்தில் சிக்கிய படகு எந்த நாட்டுடையதானாலும், அருகில் இருக்கும் ரோந்துக் கப்பல் ஓடிவந்து உதவ வேண்டும் என்று உடன்பாடு. அதற்காக, படகு இருக்கும் இடத்தைச் சொல்லும் பெட்டி ஒன்றை ஒவ்வொரு படகின் கூரையிலும் பொருத்தினார்கள். மீனோ கோட்டுக்கு அப்பால்தான் கிடைத்தது. முதலாளிமார் வழி கண்டுபிடித்தார்கள். கோடு நெருங்கியதும் பெரிய அலுமினியச் சட்டியைப் பெட்டிமேல் கவிழ்த்துவிட்டால் சிக்னல் போகாது. ‘தொப்பி போட்டாச்சா?’ என்று டிரைவர்கள் வயர்லெஸில் கேலி பேசிக்கொள்வார்கள். தொப்பி போட மறுத்த டிரைவருக்கு மறுநாள் படகு கிடையாது.

பதினெட்டு நாளுக்கு முன்பு, அவன் சட்டியைக் கவிழ்த்துக் கோட்டைத் தாண்டியிருந்த அன்று, உச்சி வெயிலில் வலையை இழுக்கும்போது கம்பிக்கயிறு அறுந்து மச்சானின் தொடையைக் கிழித்தது. வலை படகின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டு எந்திரமும் நின்றுபோனது. துண்டால் இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை.

“சட்டிய எடுத்துடலாம் டிரைவரே,” என்றான் நெட்டையன்.

“பொறுடா. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கோம். படகு போயிடும், நாமளும் உள்ள போயிடுவோம். நீரோட்டம் நம்ம பக்கம்தான் தள்ளுது.”

மச்சான் ஒரே ஒருமுறை கேட்டார்: “இன்னும் எவ்வளவு தூரம்டா?”

“வந்தாச்சு மச்சான்.”

வரவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகே அவன் சட்டியை எடுத்தான். பத்தொன்பதாவது நிமிடத்தில் பக்கத்து நாட்டு ரோந்துக் கப்பல் வந்து நின்றது. மருந்துப் பையோடு தாவி ஏறிய சிப்பாய், மச்சானின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். காய்ந்துபோன ரத்தத்தைப் பார்த்தான். பிறகு சட்டியைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. தன் போர்வையைக் கொண்டுவந்து மூடினான். கேட்டிருக்கலாம் என்று டிரைவருக்கு இன்றைக்கும் தோன்றும்.

அக்காளிடம் அவன் சொன்னது வேறு. “அடிபட்ட உடனே போயிட்டாருக்கா. வலியே தெரிஞ்சிருக்காது.”

ஏழு மணிக்கு முதலாளி வந்தார். இருநாட்டு அதிகாரிகளும் சேர்ந்து நடத்தும் விசாரணை பத்து மணிக்கு. மீன் பிரிக்கும் கொட்டகையின் ஓரமாக அவனை அழைத்துப் போனார்.

“சுருக்கமா சொல்லிடு. சட்டியக் கவுத்தது செத்தவன். உனக்குத் தெரியாது.”

“அவரு கூரைப்பக்கமே வந்ததில்லையே மொதலாளி.”

“செத்தவனையா ஜெயில்ல போடப் போறாங்க? உயிரோட இருக்கிறவன் பொழைக்க வேணாமா?”

“சட்டத்த மீறினவர்னு எழுதிட்டா எங்க அக்காவுக்கு நஷ்டஈடு ஒண்ணும் கிடைக்காது.”

“உங்கக்காவ நான் பாத்துக்கறேன். கவுக்கச் சொல்லி நான் எழுதிக் குடுத்தேனா? ஒன்றரை மணி நேரம் வேடிக்கை பாத்தது யாரு, நானா?”

பதினெட்டு நாளாக அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

கொட்டகைக்குள் மீன் பிரிக்கும் சத்தம் நின்றது. அக்காள் வெளியே வந்தாள். முந்தாநாள்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கைகளில் செதில் ஒட்டியிருந்தது.

“என்னடா ஒன்றரை மணி நேரம்?”

ஐஸ் கூடைகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் சொன்னான். சட்டி, கோடு, நீரோட்டம், மச்சான் கேட்டது, தான் சொன்ன பதில். கடைசியாக, அந்தப் பத்தொன்பது நிமிடம்.

“உடனே எடுத்திருந்தா இருந்திருப்பாருக்கா. நான்தான் எடுக்கல.”

அவள் அழவில்லை. அவனை அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நெட்டையன் அடியறையிலிருந்து ஏறி வந்தான். “நானும் பக்கத்துலதான் இருந்தேன் அக்கா. எனக்கும் கை இருந்துச்சு.”

“எங்க படகுலயும் தினமும் கவுக்கறோம்,” என்றான் அடுத்த படகின் டிரைவர். “நேத்தும் கவுத்தேன்.”

“நானும்தான்,” என்று இன்னொரு குரல். பிறகு இன்னொன்று.

முதலாளி சிரிக்கப் பார்த்தார். “போய்ச் சொல்லுங்கடா. அத்தன பேரு லைசென்சும் காத்துல பறக்கும். நாளைக்குப் படக யாரு எடுப்பா?”

“நீங்களே எடுங்க மொதலாளி,” என்றான் நெட்டையன். “நீச்சல் தெரியும்ல?”

யாரோ சிரித்தார்கள். அக்காளின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். “இனிமே என் வீட்டு வாசல் மிதிக்காத. ஆனா விசாரணைக்கு வந்து, இங்க சொன்னத ஒரு வார்த்தை விடாம சொல்லு. கவுக்கச் சொன்னது யாருன்னும் சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்.”

“சரிக்கா.”

அன்று ஒரு படகும் கயிறு அவிழ்க்கவில்லை. அக்காள் முன்னால் நடந்தாள். அவன் கடைசியில் நடந்தான். அடுத்த படகின் டிரைவர் நடையைத் தளர்த்தி அவனோடு சேர்ந்துகொண்டான்.

விசாரணை அலுவலகத்தின் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான்.

“கூட்டமெல்லாம் வெளிய நில்லுங்க. சட்டி கவுத்த டிரைவர் மட்டும் உள்ள வரலாம்.”

அவன் முன்னே வந்தான். அவனோடு மற்றப் படகுகளின் டிரைவர்கள் பதினொரு பேர் வந்தார்கள்.

“ஒருத்தருக்குத்தான்யா நாற்காலி போட்டிருக்கு!”

“பரவாயில்ல,” என்றாள் அக்காள். “நின்னுக்கிட்டே சொல்லுவாங்க.”